அம்மை கண்ட வீடும் தடுப்பூசியும்

பழவேற்காட்டு ஏரியை அண்டிய சுண்ணாம்புக்குளம் முதலிய கிராமங்களில், குழந்தையின் மேனியெங்கும் செந்தடிப்புகள் பரவக் கண்டவுடன், வாசலில் வேப்பிலை செருகி, அயலாரை உள்ளே விடாமல் விலக்கி, அடுக்களையில் தாளிதத்தையும் நிறுத்திவைக்கும் ஆசாரத்தை மூடநம்பிக்கை என்று எள்ளி நகையாடுவோரோடு நான் உடன்படேன். நோயாளியைத் தனிமைப்படுத்தும் விவேகம் அதனுள்ளே உறைந்து கிடக்கிறது.

ஆயினும் தட்டம்மையைப் பொறுத்தவரை அந்த வேப்பிலை தாமதமாகவே வாசலுக்கு வருகிறது. காய்ச்சலும் இருமலும் கண்சிவப்பும் முன்னே வர, காதின் பின்புறத்திலும் நெற்றி மயிரோரத்திலும் தடிப்பு தோன்றுவதற்கு ஏறத்தாழ 4 நாள் முன்னதாகவே குழந்தையின் மூச்சுக்காற்று பிறருக்கு நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, சுவரோடு சுவர் ஒட்டிய மீனவர் குடியிருப்புகளில், 9 மாதம் நிறைந்ததும் ஒன்றும், ஒன்றரை வயதையொட்டி மற்றொன்றுமாக இடப்படும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியே முன்கூட்டிக் காக்கவல்லது.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் அவ்வூசி இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் பீதியுற்றுப் பின்வாங்கினர். அவர்களைக் கடிந்து பயனில்லை. பெரியம்மையை ஒழிக்கக் கிண்டி கிங் நிலையத்திலே அம்மைப்பால் தயாரித்தவர்களும், அதை வீடுவீடாகச் சென்று குத்தியவர்களும் தலைமுறைகளாகக் காட்டிய பொறுமையினாலன்றோ 1975-இல் அந்நோய் இந்நாட்டைவிட்டு அகன்றது!

எனவே கிராமச் செவிலியர், வலையும் சந்தையுமாக உழைக்கும் தாய்மார் இல்லத்திலிருக்கும் வேளையறிந்து வருதல் வேண்டும். அம்மை கண்ட வீட்டினரும், மாரியம்மனுக்குரிய மரியாதையைச் சிறிதும் குறைக்காமலே, அன்றைக்கே அவருக்குச் செய்தி அனுப்பி, கண்பார்வையையும் உயிரையும் காக்கும் வைட்டமின் ஏ மருந்தைக் குழந்தைக்குப் பெற்றுத் தருதல் கடமையாகும்.