அம்பயர் ஹைதராபாத்தில் இருக்கிறார்

போன வாரம் அக்கா மகள் வந்திருந்தாள். மதுரையில் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்த பொண்ணு. "மாமா, இன்சூரன்ஸ் ஆணையத்துக்குப் பரீட்சை எழுதலாம்னு இருக்கேன்" என்றதும் எங்கக்கா மூஞ்சி சுருங்கிப்போச்சு. "இம்புட்டுப் படிச்சிட்டு பாலிசி புடிக்கப் போறாளாம்டா, நீயாவது சொல்லு."

அக்காவைக் குத்தம் சொல்ல முடியாது. ஊருக்குள் இன்சூரன்ஸ் என்றால் ரெண்டே ஆள்தான். ஒருத்தர் எல்.ஐ.சி. ஏஜெண்ட். இன்னொருத்தர், சிட்டாவும் அடங்கலும் கொண்டுபோனால் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிந்து கொடுக்கிற இ-சேவை மையத்துத் தம்பி. கம்பெனிகளுக்கே மேலே ஒரு அம்பயர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கே ரெண்டு வருஷம் முன்னாடி அடிபட்டபிறகுதான் தெரிந்தது.

அந்தச் சம்பாவில் கதிர் பால் பிடிக்கிற நேரம் வாய்க்காலில் தண்ணி நின்றுபோச்சு. கடைமடைக்காரன் பாடு தெரியும்தானே உங்களுக்கு! என் வயலில் பாதி பதர். காப்பீட்டுப் பணம் ஒரு ரூபாய் வரவில்லை. வங்கியில் கேட்டால் வேளாண்மை ஆபீஸைக் கை காட்டினார்கள், அங்கே கேட்டால் கம்பெனியை. கம்பெனிக்குப் போட்ட கடுதாசிக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லை.

பிறகுதான் விதி புரிந்தது. 2016-இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வறட்சி மாதிரியான இழப்புக்கு என் வயலைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள். வருவாய்க் கிராமம் முழுசுக்கும் ஒரே கணக்கு. சில வயல்களைக் குலுக்கலில் எடுத்து, அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் அளந்து, அறுத்துத் தூற்றி எடை போடுவார்கள். கடந்த ஏழு வருஷத்தில் நல்லா விளைந்த அஞ்சு வருஷத்துச் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை வரம்பாக வைப்பார்கள். ஊர் விளைச்சல் அந்த வரம்புக்குக் கீழே போனால்தான் பணம். மடைத்தலைக்காரன் நல்லா எடுத்துட்டான்னா கடைமடைக்காரனுக்கு நாமம். யாரும் ஏமாத்தலை, விதியே அப்படி. சம்பா நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். மீதிப் பிரீமியம் மத்திய, மாநில அரசுகள் தருவது. அதாவது நகரத்தில் இருக்கிற உங்க வரிப்பணமும் இதில் இருக்கு.

திட்டத்தை நடத்துவது மத்திய வேளாண் அமைச்சகம். ஆனால் அதில் பிரீமியம் வாங்குகிற கம்பெனிக்குப் பதிவு கொடுப்பதும், நடத்தை சரியில்லை என்றால் அபராதம் போடுவதும் ஹைதராபாத்தில் இருக்கிற காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம். 1999 சட்டப்படி வந்தது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு காப்பீட்டு ஆணையர் உண்டு. 11 மாநிலங்களில் அவரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்ம அரசியல் சாசனத்தில் காப்பீடு மத்திய அரசின் பட்டியலில் இருப்பதால் மேலூர்க்காரனுக்கும் மேகாலயாக்காரனுக்கும் ஒரே அம்பயர்.

அந்த நாற்காலிக்கு யார் போகிறார்கள்? முதல் தலைவர் என். ரங்காச்சாரி வருமான வரித் துறையிலிருந்து வந்தவர். டி.எஸ். விஜயன் எல்.ஐ.சி.யின் தலைவராக இருந்தவர். சி.எஸ். ராவ், ஹரி நாராயண், குந்தியா, தேபாசிஷ் பாண்டா, 2025-இல் வந்த அஜய் சேத் எல்லாரும் ஐ.ஏ.எஸ். பெரிய ஆட்கள்தான், திறமையில் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஆயுள் காப்பீடு, பொதுக் காப்பீடு, ஆக்சுவரி கணக்கு தெரிந்தவர்கள் உறுப்பினராக இருக்கணும் என்று சொல்கிற சட்டம், பயிர்க் காப்பீடு தெரிந்தவரைக் கேட்கவில்லை. நாலு பகுதிநேர உறுப்பினர் இடம் இருக்கு. அதில் ஒண்ணையாவது நெல்லறுப்புப் பார்த்த ஒருத்தருக்குக் கொடுத்தால் குடி முழுகிப் போகாது.

அதுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கீழ்ப்படியில் ஒரு வாசல் இருக்கு, அக்கா மகள் சொன்னது அதைத்தான். உதவி மேலாளர் வேலைக்கு ஆணையமே ஆள் எடுக்கிறது. 2024-இல் நாடு முழுக்க 49 இடம். முதல் பரீட்சை, விரிவாக எழுதுகிற ரெண்டாவது பரீட்சை, அப்புறம் நேர்காணல். சட்டம், நிதி, கணினி, ஆராய்ச்சி, ஆக்சுவரி என்று தனித்தனிப் பிரிவு. பஞ்சம் எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா வரும், அதுக்கு நூத்துக்கு எவ்வளவு பிரீமியம் வாங்கணும்னு கணக்குப் போடுகிற ஆளுக்குப் பேர்தான் ஆக்சுவரி. எங்க தாத்தா அதைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வார், தப்பாத்தான். நம்ம பிள்ளைகள் குரூப் 4-க்கு லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள். இந்தப் பரீட்சையின் பேரைக்கூட எங்க ஊர்ப் பக்கம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்பயரிடம் முறையிட வழி இருக்கு என்பதையும் அவள்தான் சொன்னாள். கம்பெனி பதில் சொல்லாவிட்டால் 155255. மருத்துவ, ஆயுள் பாலிசித் தகராறு என்றால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், பைசா செலவில்லை. பயிர்க் காப்பீட்டுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு. ரெண்டு வருஷம் முன்னாடி இது தெரிந்திருந்தால் நான் கடுதாசி எழுதிய விலாசமே வேறயா இருந்திருக்கும்.

படிக்கிற சாக்கில் எங்க ஊரின் ஏழு வருஷ நெல் விளைச்சல் கணக்கு வேணுமாம் அவளுக்கு. அந்த வரம்பைத் தானே போட்டுப் பார்க்கணுமாம். திங்கட்கிழமை புள்ளியியல் ஆபீஸுக்குப் போகிறேன். அக்காவிடம் உரம் வாங்கப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன்.