ஒரு புள்ளி தெரிய இத்தனை பாடா?

மெய்ப்புத் திருத்துகிறவனுக்குப் புள்ளிதான் உயிர். 'கல்வி' என்ற சொல்லில் நடு எழுத்தின் தலையிலிருக்கும் புள்ளி உதிர்ந்துவிட்டால் 'கலவி' ஆகிவிடும். ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் அப்படி அச்சேறினால் அப்புறம் அந்தத் தலைமையாசிரியர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? முப்பது வருஷமாக இதே வேலை. காகிதத்தில் பார்த்த காலம் போய், இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் வருகிறது. என்னிடமிருக்கும் பதினேழு அங்குலத் திரையில் புள்ளிகள் கண்ணுக்குப் பிடிபடாமல் போக ஆரம்பித்ததும் கண் டாக்டரிடம் போனேன். "கண்ணாடி மாத்தித் தரேன். ஆனா பெரிய திரையா வச்சுக்கிட்டு, தள்ளி உக்காந்து பாருங்க" என்றார்.

பெரிய திரைக்கு நான் எங்கே போக வேண்டும்? கூடத்துச் சுவரில் 32 அங்குல டிவி பகலெல்லாம் இருண்டு கிடக்கிறது. சிபியு என் காசில் வாங்கியது, டிவியும் என் காசில் வாங்கியது. இரண்டும் நன்றாக ஓடுகின்றன. நடுவில் ஒரு ஒயர் போட்டால் காரியம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

சிபியுவின் முதுகில் இருப்பது வி.ஜி.ஏ. நீல நிறத்தில் மூன்று வரிசையாகப் பதினைந்து துளைகள், இரண்டு பக்கமும் திருகு. 1987-இல் ஐ.பி.எம். தன் பி.எஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்தது. டிவியின் முதுகில் இருப்பது எச்.டி.எம்.ஐ. அதன் முதல் வடிவம் 2002 கடைசியில் வந்தது. சில வருஷம் முன்புவரை எல்.சி.டி. டிவிகளில் இரண்டு வாயும் இருக்கும். நான் வாங்கிய வருஷம் பார்த்து நீல வாயை எடுத்துவிட்டிருந்தார்கள்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் ரிச்சி தெருவுக்கு நடந்தேன். ஒரு கடையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கன்வெர்ட்டரைக் கொடுத்தார்கள். "கம்ப்யூட்டர்லேருந்து டிவிக்குப் போகணும் தம்பி. அந்தத் திசையில வேலை செய்யுமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ரெண்டு பக்கமும் போகும் சார், மாட்டுங்க வந்துரும்" என்றான் அந்தப் பையன். வீட்டுக்கு வந்து மாட்டினேன். அதன் ஒரு முனை டிவியின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுமுனையில் என் பழைய வி.ஜி.ஏ. ஒயர் திருகோடு பொருந்தியது. எல்லாம் பொருந்தியும் திரையில் 'சிக்னல் இல்லை' என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஒயரைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, சிபியுவை அணைத்து, போட்டு, ராத்திரி பதினொரு மணிவரை அந்த இரண்டு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுகிற கருவி. எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. வி.ஜி.ஏ. ஒயரில் போவது ஏறி இறங்கும் மின்னழுத்தம். எச்.டி.எம்.ஐ.யில் போவது எண்கள். ஒன்றை மற்றொன்றாக்க உள்ளே ஒரு சில்லு வேண்டும், அந்தச் சில்லுக்கு ஒரு திசைதான் தெரியும். சரியான கருவிக்கு இன்னும் இரண்டு வால் உண்டு. ஒன்று மின்சாரத்துக்காக யு.எஸ்.பி.யில் செருகுவது, மற்றது ஒலிக்காக, ஏனென்றால் வி.ஜி.ஏ. படத்தை மட்டும்தான் சுமக்கும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த அட்டையில் இரண்டு பெயரையும் நடுவில் ஒரு கோட்டையும் போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின் நுனியில் ஒரு அம்புக்குறி போட எவ்வளவு மை செலவாகும்? மறுபடி ரயிலேறிப் போனேன். பில்லின் அடியிலிருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைக் காட்டினார்கள். வேறொன்று காசு கொடுத்து வாங்கினேன். அடுத்த கடைக்காரர் தங்க முலாம் பூசிய ஒயர் போட்டால் படம் பளிச்சென்று வரும் என்றார். எண்கள் ஒழுங்காக வந்து சேரும்வரை எந்த ஒயர் போட்டாலும் அதே படம்தான் என்று இப்போது அவரிடம் சொல்ல முடியும். அன்றைக்குத் தெரியாது. கையில் காசு இல்லாததால் தப்பித்தேன்.

படம் வந்துவிட்டது. ஆனால் நாலு ஓரமும் இல்லை. கீழே கடிகாரம் இருக்கும் பட்டை சட்டத்துக்கு உள்ளே போய்விட்டது. மேலே மூடும் குறி பாதிதான் தெரிகிறது. பக்கத்தின் இடது ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் முதலெழுத்து வெட்டுப்பட்டிருந்தது. ஏதோ பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "கம்ப்யூட்டர் போட்டா அப்படித்தான் சார் வரும்" என்று முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

அப்படி வரத் தேவையே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். சாலிடேர், டயனோரா காலத்துப் பிக்சர் ட்யூப் பெட்டிகளில் படத்தின் ஓரம் ஒரு நிலையில் நிற்காது. மின்னழுத்தம் கூடிக் குறைந்தால் படமும் விரிந்து சுருங்கும். ஓரத்தில் கறுப்புத் தெரியக் கூடாதென்று படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சட்டத்துக்கு வெளியே வழியவிட்டார்கள். அன்றைக்கு அது நியாயம். இன்றைய திரையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் அசையாத இடம் இருக்கிறது. வருகிற படத்தை வந்தபடியே காட்டினால் போதும். அப்படியிருந்தும் பல டிவிகள் இன்னும் அந்தப் பழக்கத்தை விடாமல் படத்தை ஊதி, ஓரத்தை வெட்டித்தான் தருகின்றன. நிறுத்த வழியும் உள்ளே இருக்கிறது. ஒரு கம்பெனி அதற்கு 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று பெயர் வைக்கிறது, இன்னொன்று 'ஸ்கிரீன் ஃபிட்', வேறொன்று 'டாட் பை டாட்'. 'ஓரத்தை வெட்டாதே' என்று யாரும் வைக்கவில்லை. என் டிவியில் அது நாலு மெனு தாண்டி உட்கார்ந்திருந்தது. கூடவே வந்த கையேட்டைப் புரட்டினேன். ஈரக் கையால் தொடாதே, தொட்டிச் செடியை மேலே வைக்காதே என்று பல மொழிகளில் இருக்கிறது. கம்ப்யூட்டரை இணைப்பது பற்றி ஒரு படம், அதிலும் ஒயர் மட்டும்.

சரி, ஓரம் வந்தது. உட்கார்ந்து வேலையைத் திறந்தேன். எழுத்து பெரிதாக இருக்கிறது, ஆனால் நீர்பட்ட மை மாதிரி ஊறியிருக்கிறது. புள்ளியைக் காணோம்! எதற்காக இத்தனையும் செய்தேனோ அதுவே இல்லை.

பெட்டியின் மேல் '1080பி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பிக் கம்ப்யூட்டரில் 1920×1080 என்று வைத்திருந்தேன். ஆனால் என் டிவி 'எச்டி ரெடி' வகை. அதன் திரையில் உள்ளது 1366×768 பிக்சல்தான். 1080பி படத்தை அது வாங்கிக்கொள்ளும், வாங்கிக்கொண்டு உள்ளே நசுக்கிக் காட்டும். சினிமாவுக்கு அது போதும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு பிக்சல் அகலமுள்ள ஒரு புள்ளிக்கு அந்த நசுக்கல் தாங்குமா? 1360×768 என்று மாற்றியதும் கறுப்பு எழுத்துகள் தெளிந்தன. 1366 எட்டால் வகுபடாத எண் என்பதால் பல கம்ப்யூட்டர்கள் 1360 என்றுதான் தரும். இரு பக்கமும் மயிரிழை கறுப்பு நிற்கும், பரவாயில்லை.

சிவப்பு எழுத்துதான் அப்படியும் ஊறியே நின்றது. என் திருத்தங்கள் எல்லாமே சிவப்பில். வெள்ளைத் தாளில் நான் சிவப்பால் போட்ட ஒவ்வொரு 'ல்'-லும் 'ல'-வாகத்தான் கண்ணில் பட்டது. சேர்த்த புள்ளியையே மறுபடி மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தேன். காரணம், டிவி வெளிச்சத்தை முழுசாகவும் நிறத்தைப் பாதி நுணுக்கத்திலும் கையாள்கிறது. மனிதக் கண்ணுக்கு நிறத்தின் நுணுக்கம் அவ்வளவு பிடிபடாது என்பதால் ஒளிபரப்பிலும் வீடியோவிலும் அப்படிச் செய்வார்கள். அது சினிமாவுக்கு ஏற்ற கணக்கு. எழுத்துக்குச் செய்தால் நாசம். இதற்கு மருந்து என்ன தெரியுமா? டிவி மெனுவில் அந்த எச்.டி.எம்.ஐ. வாயின் பெயரை 'பிசி' என்று மாற்ற வேண்டும். பெயரைத்தான்! செட்டாப் பாக்ஸ், டிவிடி, கேம் என்று சும்மா அடையாளத்துக்கு வைத்திருப்பதாகத்தான் நினைப்போம். 'பிசி' என்று வைத்த அடுத்த நொடி சிவப்புப் புள்ளிகள் குத்திட்டு நின்றன. சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பெயர்ப் பட்டியலுக்குள் ஒரு முக்கியமான விசையை ஒளித்து வைத்துவிட்டு, அது விசை என்று எங்கேயும் சொல்லாமல் விட்டிருக்கிறார்களே!

அடுத்த வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, சுவரில் 43 அங்குல டிவி தொங்க, அதன் கீழே உட்கார்ந்து அப்பாவின் போனில் கரும்பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் அவள் மாமா ஒரு சிஸ்டத்தைக் கொடுத்திருக்கிறார், திரை இல்லாமல். டிவியில் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னாராம். மூன்று நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, சிஸ்டம் செத்துப்போச்சு போல" என்று கண் கலங்கி வந்து நின்றாள். போய்ப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு எச்.டி.எம்.ஐ. வாய், மேலே ஒன்று, கீழே கிராஃபிக்ஸ் கார்டில் ஒன்று. கார்டு போட்டிருந்தால் பெரும்பாலும் மேலே உள்ளதில் எதுவும் வராது. ஒயரை ஒரு சாண் கீழே மாற்றினேன், திரை எரிந்தது. சிஸ்டத்தைப் பூட்டிக் கொடுத்தவர் அந்த மேல் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தால் அந்தக் குழந்தைக்கு மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

என் பாடும் தீரவில்லை. டிவி தன்னால் என்ன அளவு காட்ட முடியும் என்பதைக் கம்ப்யூட்டருக்கு ஒயர் வழியே சொல்கிறது. கம்ப்யூட்டர் எழும்போது டிவி அணைந்திருந்தால் என் கன்வெர்ட்டரில் அந்தச் சேதி போவதில்லை. கம்ப்யூட்டர் அதுவாக 1024×768 என்று வைத்துக்கொள்கிறது. எழுத்து பக்கவாட்டில் இழுபட்டு, மறுபடி ஊறிவிடும். அதனால் சுவிட்ச் போர்டு பக்கத்தில் 'முதலில் டிவி, பிறகு சிபியு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நேற்று மத்தியானம் கரண்ட் போய் வந்தது. நான் பால் வாங்கப் போயிருந்தேன். சீரியல் நேரத்துக்குள் வேலையை முடிக்கட்டும் என்று என் மனைவி எனக்காக சிபியுவை முதலில் போட்டுவிட்டு, பிறகு டிவியைப் போட்டிருக்கிறாள். திரும்பி வந்து உட்கார்ந்தால் மலரின் முதல் பக்கம் தட்டையாக இழுபட்டுக் கிடக்கிறது, தலைப்பின் நடு எழுத்தில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. "என்னங்க, நான் ஏதாவது கெடுத்துட்டேனா?" என்று கேட்கிறாள். அவள் என்ன கெடுத்தாள்? இரண்டையும் மறுபடி அணைத்தேன். ஆறு மணிக்குள் பக்கம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.