நாணயமற்ற சொற்கள்



கிரிப்டோ விற்க வருவோர் நமக்குப் பழகிய சொற்களையே ஏந்தி வருகின்றனர். வஞ்சகம் அங்குதான் தொடங்குகிறது.

'பணப்பை' என்பர், அதனுள் காசு இராது, மறைசாவி மட்டுமே இருக்கும். அதனைத் தொலைத்தவருக்கு மீட்டுத்தர எந்த வங்கியும் இல்லை. 'சுரங்கம் தோண்டுதல்' என்பர். மண்வெட்டிக்கு அங்கு வேலையே கிடையாது! கணினிகள் மின்சாரத்தை விழுங்கிப் புதிர்க்கணக்கை விடுவித்து, 'பிளாக்செயின்' எனும் பொதுப் பேரேட்டில் அடுத்த பக்கத்தைச் சேர்க்கப் போட்டியிடுகின்றன. 2009-இல் பிட்காயின் தொடங்கியபோது ஒரு பக்கத்திற்குப் பரிசு 50 பிட்காயின். 2024 ஏப்ரலுக்குப் பின் 3.125 மட்டுமே. "சுரங்கத்தில் முதலிடுங்கள், மாதந்தோறும் வருமானம்" எனப் புலனத்தில் எழுதுவோர் இக்குறைவைச் சொல்வதுண்டா?

யாவற்றினும் கொடியது 'நிலைநாணயம்' என்னும் பெயர். ஒரு டாலருக்கு இணை என விற்கப்பட்ட டெர்ராயூஎஸ்டி, லூனா எனும் தன் உடன்பிறந்த நாணயத்தையே பெரிதும் நம்பி நின்றது. 2022 மே மாதத்தில் சில நாள்களிலேயே இரண்டும் சரிந்தன. நாணயம் என்றால் நேர்மை என்றும் பொருள் சொல்லும் மொழி நம்முடையது; அச்சொல்லை இதற்கா கொடுப்பது?

பிள்ளைகளின் கல்விச் சேமிப்பைக் கேட்டு எவரேனும் வந்தால், மறைசாவி யார் கையில் இருக்கும் என்று முதலில் கேளுங்கள்.