வண்டியைத் தொடுகிறவர் யார்?

தில்லிக்கு வந்து குடியேறிய நம்மவர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கத்தைப் பார்க்கிறேன். காய்கறி வாங்கப் போனால் நான்கு கடை ஏறி இறங்குவார்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் ஒருவரும் வாங்குவதில்லை. ஆனால் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கும்போதும், அதைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் மட்டும், கண்ணாடி பதித்த பெரிய ஷோரூமாகத் தேடிப் போய், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்டால், "பெரிய இடம் சார், ஏமாற்ற மாட்டான்" என்கிறார்கள். இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு இது பழைய நாளின் மிச்சம். எழுபதுகளில் ஒரு பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த தலைமுறை நாங்கள். பதிவுச் சீட்டை பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் என்று பேசி முடித்து, கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வண்டி வந்து சேர்ந்த வீடுகளும் உண்டு. அன்றைக்கு டீலர் என்பவர் வியாபாரி அல்ல; வரம் கொடுப்பவர். நிறத்தைக்கூட நாம் கேட்க முடியாது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தது, 1991-க்குப் பிறகு பொருளாதாரக் கதவுகள் திறந்தன, காத்திருப்பு ஒழிந்தது. கை கட்டி நிற்கும் வழக்கம் மட்டும் ஒழியவில்லை.

அதைவிடப் பெரிய காரணம் மொழி. பிள்ளைகள் இந்தியில் வெளுத்து வாங்குகிறார்கள். நமக்கோ அலுவலக இந்தியும் காய்கறிக்காரன் இந்தியும்தான் வரும். வண்டிக்கு வந்த நோவை விளக்கும் இந்தி வராது. ஷோரூமில் அந்தக் கஷ்டம் இல்லை. சட்டையில் பெயர் குத்திய பையன் ஆங்கிலத்தில் வரவேற்கிறான். ஏ.சி. இருக்கிறது, காபி வருகிறது, பில்லும் ஆங்கிலத்தில் அச்சாகி வருகிறது. உண்மையில் வண்டி பேசுகிற பாஷைக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. தெருவோர மெக்கானிக் முதலில் கேட்பதே "கட்-கட்டா, கிர்-கிர்ரா?" என்றுதான். இது எந்தத் தமிழனுக்குப் புரியாது? ஷோரூம் பாரத்தில் "சத்தம்" என்று ஒரே ஒரு கட்டம். அதில் ஒரு டிக். கட்-கட்டும் கிர்-கிர்ரும் அங்கே ஒன்றுதான்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் துவாரகாவிலிருந்து குருகிராமுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறாள். வண்டியை சர்வீசுக்கு விட்டது ஒரு பெரிய டீலரிடம். பெயர் வேண்டாம்; நகரில் அவர்களுக்கு நான்கைந்து கிளைகள். மாலையில் வண்டி பளபளவென்று கழுவித் துடைத்து வந்தது. பில்லில் என்ஜின் ஆயில், ஃபில்டர், பாலிஷ், "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று ஒரு தொகை, அதற்குக் கீழே "முன், பின் பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்" என்று ஒரு வரி.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. அந்த வண்டிக்கு இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். பழைய டிரம் பிரேக்காக இருந்தால், தேய்மானத்துக்கு ஏற்ப நட்டைத் திருகி இறுக்க வேண்டும். டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, எண்ணெயின் அழுத்தத்தில் இயங்கும் பிஸ்டன் தானாகவே முன்னுக்கு நகர்ந்துகொள்கிறது. அங்கே அட்ஜஸ்ட் செய்ய எதுவும் கிடையாது. பேடின் கனத்தைப் பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். செய்யவே முடியாத ஒரு வேலைக்கு அந்த பில் காசு வாங்கியிருக்கிறது என்றால், பேடை யாரும் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

இரண்டு வாரம் கழித்து பிரேக் பிடித்தால் இரும்பு இரும்பை அறுக்கும் சத்தம். பாலம் கிராமத்துப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மரப்பெட்டி, இரண்டு பையன்கள். உஸ்தாத் இரண்டு போல்ட்டைக் கழற்றி, பேடை வெளியே எடுத்து, துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "தேகியே, அங்கிள்ஜி." ஒரு பக்கம் லைனிங் முழுதாகப் போய் வெறும் இரும்புத் தகடு நின்றது. டிஸ்கில் விழுந்திருந்த கோட்டை நகத்தால் தடவிப் பார்த்து, "இன்னும் தாங்கும், அடுத்த முறை பேட் மாற்றும்போது இதையும் மாற்றிவிடுங்கள்" என்றார். பிரேக் ஆயில் கறுத்திருப்பதையும் காட்டினார். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். புது பேடும் கூலியும் சேர்த்து, ஷோரூமில் ஆயில் போக மற்றவற்றுக்குப் போட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை.

காசை விடுங்கள். லாரிகளுக்கு நடுவே தினமும் போய் வருகிற பெண்.

பழைய பேடை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு அந்த ஷோரூமுக்குப் போனேன். மேலாளர் மிக மரியாதையாக உட்கார வைத்தார். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, வேலை முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதே என்றார். வண்டியைத் தொட்டவரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வாடிக்கையாளர்கள் உள்ளே வரக்கூடாது என்ற பலகையைக் காட்டினார், பாதுகாப்புக் காரணமாம். என் மகளின் பாதுகாப்பைப் பற்றி அங்கே பலகை ஏதும் இல்லை. கிளம்பும்போது, வண்டியை வாங்கி வைத்த பையன் பின்னாலேயே ஓடி வந்தான். "சார், கம்பெனியிலிருந்து போன் வரும். தஸ் மே தஸ் சொல்லிவிடுங்கள். ஒன்பது என்று சொன்னால்கூட என் இன்சென்டிவ் போய்விடும்" என்றான். அவனும் பிழைக்க வந்தவன்தான், உத்தராகண்டிலிருந்து. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஏனென்றால் கோளாறு ஆளில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. நாம் பேசுகிற ஆள் வண்டியைத் தொடுவதில்லை. வண்டியைத் தொடுகிற ஆள் நம்மைப் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு கவுண்டர், ஒரு ஜாப் கார்டு. புது வண்டியை விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். இன்ஷூரன்ஸ், கடன், அலங்காரச் சாமான்கள், சர்வீஸ் இவற்றில்தான் பிழைப்பு. ஆகவே ஒவ்வொரு ஜாப் கார்டிலும் இத்தனை ரூபாய் வர வேண்டும் என்று இலக்கு வைக்கிறார்கள். பாலிஷ் பில்லில் ஏறுகிறது. பேடைக் கழற்றிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். அதற்கு பில்லில் தனி வரி கிடையாது.

வாங்கும்போதும் இதே கதை. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆனால் அதை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வண்டியோடு ஐ.எஸ்.ஐ. தரமுள்ள ஹெல்மெட் ஒன்று தர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

ஒரே கடை வைத்து நடத்தும் டீலர்களும் இருக்கிறார்கள். கம்பெனிப் பலகை அதேதான். ஆனால் முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அங்கே காபி கிடைக்காது. "சார்" என்பதும் குறைவு. ஸ்பேர் பார்ட் வியாழக்கிழமை வரும் என்பார். சில சமயம் அடுத்த வியாழன். ஆனாலும் குறை சொல்லப் போனால் கேட்கிற காது கடையிலேயே இருக்கிறது. மெக்கானிக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நம் எதிரிலேயே விசாரிப்பார். அந்தச் சந்தில் நாம் பத்துப் பேரிடம் சொன்னால் வியாபாரம் படுக்கும் என்பது அவருக்குத் தெரியும். நான்கைந்து கிளைக்காரருக்கு நாம் ஒரு போன் நம்பர்.

கரோல்பாகில் நாயீவாலா என்று ஒரு தெரு உண்டு. (தமிழ்க் காதுக்கு வேறு மாதிரி ஒலிக்கும், இந்தியில் நாயி என்றால் நாவிதர்.) நம்மவர்கள் நிறையப் பேர் மயூர் விகாருக்கும் துவாரகாவுக்கும் போவதற்கு முன்னால் அந்த வட்டாரத்தில்தான் குடியிருந்தார்கள். அங்கே புல்லட்டுக்கென்றே வாழ்கிற கடைகளில் லடாக் போகும் வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு வண்டி எடுப்பார்கள். 1955-இலிருந்து திருவொற்றியூரில் செய்த வண்டி அது. நான் மதராஸி என்று தெரிந்ததும் ஒரு கிழ மெக்கானிக், "உங்கள் ஊர் வண்டியை நாற்பது வருஷமாக நான்தான் கவனித்துக்கொள்கிறேன்" என்றார், ஏதோ நம் வீட்டுப் பிள்ளையை வளர்த்தவர் மாதிரி.

இதனால் சின்னக் கடையெல்லாம் கோயில் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காஷ்மீரி கேட் சந்தையில் அசலுக்குப் பக்கத்திலேயே போலியும் கிடைக்கிறது. பெட்டியின் அச்சுகூட மாறாது. பில் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் அநேகம். பில் இல்லாமல் நுகர்வோர் ஆணையத்தின் படியேற முடியாது; 1915 என்ற உதவி எண்ணில் கூப்பிட்டாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். தேவையில்லாமல் என்ஜினைப் பிரித்துப் போட்டு, "திறந்துவிட்டேன், இனி என்ன செய்வது?" என்று நிற்கிறவர்களும் உண்டு. தவிர, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் கருவி வேண்டும். பல கடைகளில் அது இல்லை. கம்பெனியே தவறை ஒப்புக்கொண்டு வண்டிகளைத் திரும்ப அழைத்தால், அதைச் செய்து தருவதும் டீலர்தான். 2021 மே மாதத்தில் ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயில் குறைக்காக 2,36,966 வண்டிகளை அழைத்ததே, அதைப் போல.

அதே சமயம் பெரிய பெயர் என்றால் நிரந்தரம் என்பதும் இல்லை. 2009-இல் இந்தியாவுக்கு வருவதாக அறிவித்த ஹார்லி டேவிட்சன் 2020 செப்டம்பரில் கடையைக் கட்டுவதாகச் சொன்னபோது, முதல் போட்ட டீலர்களும் வண்டி வாங்கியவர்களும் திகைத்து நின்றார்கள். அடுத்த மாதம் ஹீரோ மோட்டோகார்ப் பொறுப்பேற்றதால் வாங்கியவர்கள் ஒருவாறு தப்பினார்கள்.

என் கட்சி இதுதான். வாரண்டிக் காலத்தில் பெரிய டீலரிடமே போங்கள். ஆனால் மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், வேலை நடக்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கமாவது நில்லுங்கள். சின்னக் கடைக்காரருக்கு ஸ்கேனரையும் அசல் பாகங்களையும் தகவல்களையும் நியாயமான விலைக்குத் தர வேண்டியது கம்பெனிகளின் கடமை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் தடுத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளியில் பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. பிறகு வழக்கு மேல்முறையீடுகளில் போய்ச் சிக்கியது வேறு கதை. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுது பார்க்கும் உரிமை" என்று குழு அமைத்து, இணையதளமும் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு. காருக்குச் சொன்ன நியாயம் மோட்டார் சைக்கிளுக்கும் வர வேண்டும். கார் வைத்திருப்பவருக்கு வேறு வழி இருக்கும். இரண்டு சக்கரத்தில் வேலைக்குப் போகிறவருக்கு வண்டி நின்றால் அன்றைய சம்பளம் நிற்கும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சமையல்காரர், புரோகிதர், நாதஸ்வரக்காரர் பெயரும் முகவரியும் கேட்டு வருகிறவர்களுக்கு அங்கே எப்போதும் பதில் கிடைக்கிறது. அதோடு பேட்டைவாரியாக மெக்கானிக்குகளுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். எழுதுகிறவர் பெயர், என்ன வேலை செய்தார், பில் கொடுத்தாரா, கழற்றியதைக் கையில் கொடுத்துக் காட்டினாரா, இவ்வளவு இருந்தால் போதும். பாலம் கிராமத்து உஸ்தாத்தின் கடைக்கு வழியை நான் எழுதித் தருகிறேன். மயூர் விகார், நொய்டா பக்கத்து அன்பர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களை எழுதுங்கள். பெண்பிள்ளைகள் தனியாக வண்டியோடு போனாலும் மரியாதையாகப் பேசுகிற கடையா என்பதற்கும் அதில் ஒரு கட்டம் வேண்டும் என்கிறாள் என் மகள்.