சத்தமில்லாத காரும் சத்தமில்லாத கொள்ளையும்

சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைச்சாவடி வழியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கின்றன. இப்போது அவற்றில் சில சத்தம் போடுவதில்லை, புகை விடுவதுமில்லை. அவை மின்சாரக் கார்கள். "பெட்ரோல் தொல்லை ஒழிந்தது, வீட்டிலேயே சார்ஜ் ஏற்றலாம்" என்று விளம்பரம் முழங்குகிறது. யார் வீட்டில்? இதுதான் நமது கேள்வி.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். மின்காரில் எஞ்சின் கிடையாது. மோட்டாரும், அதற்குத் தீனி போடும் லித்தியம் பாட்டரியும்தான் உண்டு. சின்னக் கார் ஒன்றின் பாட்டரி 24 யூனிட் கொள்ளும். ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் மீட்டர் 26, 27 யூனிட் ஓடும். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் நிரம்ப எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். ஒரு யூனிட்டில் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் ஓடும். பெட்ரோலைவிட மலிவுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி முழுதும் மூன்று கிலோவாட் பளுவைத் தாங்கும் ஒயரும், சரியான எர்த்தும், காரை நிறுத்தச் சொந்த இடமும் வேண்டும். கடல் அரித்துத் தின்னும் குப்பத்தில் மனிதன் படுக்கவே இடமில்லை; கார் எங்கே படுக்கும்?

இன்னொரு கணக்கும் பாருங்கள். விவசாயத் தொழிலாளியின் குடிசையில் இரண்டு எல்.இ.டி. பல்பு, ஒரு மின்விசிறி. விசிறி 12 மணி நேரம் சுற்றினாலும் நாளுக்கு ஒரு யூனிட்தான் ஆகும். அந்தக் கார் ஒருமுறை வயிறு நிரப்பும் மின்சாரத்தில் இந்தக் குடும்பம் ஏறக்குறைய ஒரு மாதம் வாழ்ந்துவிடும்!

சர்க்கார் யாருக்குக் கைகொடுத்தது? 2019 ஆகஸ்டில் மின்காருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. தொழிலாளி மிதிக்கும் சைக்கிளோ 2025 செப்டம்பர் வரை 12 சதவீதம் கட்டியது! 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை மின்வண்டிக் கடன் வாங்கியவர்களுக்கு, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வட்டிக்கு வருமான வரிச் சலுகை. வருமான வரி கட்டும் அளவுக்குக் கூலி வாங்கும் அறுவடைத் தொழிலாளி எவர்?

"புகையே இல்லை" என்கிறார்கள். புகை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. புதுவைக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பிறப்பது. அந்தச் சுரங்க வேலைக்காகத்தான் 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் மீது யந்திரங்களை ஏற்றினார்கள்.

யந்திரத்தின் மீது நமக்குப் பகையா? இல்லவே இல்லை! 1920-ல் லெனின் தலைமையில் நாடு முழுவதையும் மின்மயமாக்கத் திட்டம் தீட்டியவர்கள் கம்யூனிஸ்டுகள். பிரச்னை மோட்டார் அல்ல. மின்சாரத்துக்கு எஜமானன் யார் என்பதே.

2020 மே மாதம் யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகத்தைத் தனியாருக்கு விடப்போவதாக மத்திய சர்க்கார் அறிவித்தது. 2022 செப்டம்பரில் புதுவைக்கு டெண்டரும் விட்டார்கள். மின்துறைத் தோழர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தார்கள். தங்கள் சம்பளத்துக்காக மட்டுமா? அல்ல. கார்கள் பெருகினால் மின் விற்பனை பெருகும். அந்த லாபத்தின் மீதுதான் முதலாளியின் கண். துறை நம் கையில் இருந்தால் பங்களாக்காரன் கட்டும் கூடுதல் கட்டணம் குடிசை விளக்கைத் தாங்கும். கம்பெனி கைக்குப் போனால் அந்தப் பணம் அதன் பெட்டிக்குப் போகும். குடிசைக்குப் பாக்கி நோட்டீஸ் வரும்.

"நாளை ஏழையும் கார் வாங்குவான்" என்கிறார்கள் சில புத்திமான்கள். வாங்கட்டும்! இன்று விடியற்காலை வேலைக்குப் போகிறவனுக்குத் தேவை பஸ். ஐம்பது பேர் ஏறும் ஒரு மின்பஸ் பல கார்களின் வேலையைச் செய்யும்.

ஆகவே தோழர்களே, நமது கோரிக்கைகள் இவை: மின்துறை மக்கள் சொத்தாகவே நீடிக்க வேண்டும்! சார்ஜ் நிலையங்களைத் துறையே நடத்த வேண்டும்! முதல் சலுகை சர்க்கார் மின்பஸ்களுக்கே! ஆலை வாசலிலும் சேரியிலும் குப்பத்திலும் இதைப் பேசுங்கள், கூட்டம் போடுங்கள். மின்துறைத் தொழிலாளி மீண்டும் களம் இறங்கினால் நாம் அவன் பக்கம் நிற்போம்!