ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும்

சாலை என்பது ஊரார் அனைவர்க்கும் பொதுவாய உடைமை. நடப்பார்க்கும் ஊர்தியிற் செல்வார்க்கும் ஒப்ப உரிய அவ்வழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடையினுட் புகும் ஒருவன், அவ்விடத்தைத் தன் வீட்டு முற்றமாக ஆக்கிக்கொள்கின்றான். இதனைத் தடுத்தற்கு எழுந்தனவே தடைப் பலகைகள். இவற்றின் பொருளை நம்மவரிற் பலர் செவ்வனே உணர்ந்திலர் என்பது எமது கருத்து.

இப்பலகைகள் இருவகைப்படும். இரண்டும் வட்ட வடிவின. நீல நிறமும் சிவந்த விளிம்பும் உடையன. ஒன்றிற் சிவந்த கோடு ஒன்று சாய்வாக ஓடும். மற்றொன்றில் இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் குறுக்கே செல்லும். ஒற்றைக் கோடு, வண்டியை நிறுத்திவைத்தல் ஆகாது என்பதைக் குறிக்கும். ஆளை ஏற்றவோ இறக்கவோ சிறிது நின்று உடனே பெயர்தலை அது விலக்குவதில்லை. இரட்டைக் கோடோ நிற்றலையே விலக்கும்; ஒருவரை இறக்கிவிடுதற்கும் ஆங்கு நிற்றல் கூடாது. முன்செல்லும் வண்டி நின்றமையால் நாமும் நிற்க நேர்தல் இவ்விலக்கின்பாற் படாது. பலகையின்கீழ் அம்புக்குறி இருப்பின், தடை எப்பக்கம் நீள்கின்றது என்பதை அது காட்டும். 1968ஆம் ஆண்டு வியன்னாவில் நாடுகள் பல கூடிச் செய்த உடன்படிக்கையிலும் இக்குறிகள் இடம்பெற்றுள்ளன. எழுத்தின்றி அமைந்தமையால், மொழியறியாத வழிப்போக்கரும் இவற்றை உணர்தல் கூடும்.

'ஓட்டுநர் உள்ளேயே இருக்கின்றார், இயந்திரமும் ஓடுகின்றது, ஆகலின் இது நிறுத்தம் அன்று' என்று வாதிப்பார் உளர். அவர் இருக்கையில் அமர்ந்திருத்தலால் அடைபட்ட வழி திறந்துவிடுமோ? வளைவிலும் பாலத்திலும் நின்ற வண்டி ஒன்று, பின்வருவோரை எதிர்வருவார் வழியிற் புகச் செய்கின்றது. நோயாளியை ஏற்றிவரும் 108 ஊர்தி அதன்பின் காத்து நிற்குமாயின், அவ்வொரு நிமிடத்தின் விலையைக் கூறவல்லார் யார்? பலகை இல்லாத இடத்தும் பிறர்க்கு இடரோ தடையோ உண்டாக வண்டியை நிறுத்தலாகாது என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 122ஆம் பிரிவு கூறுகின்றது.

இனி, மக்களை மட்டும் குறைகூறி அமைதல் நேர்மை அன்று. எமது உத்தரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. வாரியப் பணிக்குத் தகாதார் இன்னார் என விலக்கிய அவ்விதிகளே, தக்கார் இன்னார் என்பதையும், அவரைத் தேரும் முறையையும் வகுத்துரைத்தன. விலக்கிய கையே வழியையும் காட்டிற்று. இற்றைச் சட்டமும் அத்தன்மைத்தே. 116ஆம் பிரிவு குறிப்பலகை நாட்டுதற்கு அதிகாரம் அளிக்கின்றது. அடுத்த 117ஆம் பிரிவோ, உள்ளாட்சியுடன் கலந்து வண்டிகள் நிற்றற்குரிய இடங்களை வரையறுத்தற்கு இடந்தருகின்றது. சுற்றுச் சிற்றூர்களினின்று விதை வாங்கவும் மருந்து வாங்கவும் இருசக்கர வண்டியில் வரும் உழவர், தம் வண்டியைத் தலையிற் சுமந்துகொண்டா கடைக்குச் செல்வர்? நிற்கும் இடத்தைக் காட்டாது தடையை மட்டும் நாட்டுதல், சட்டத்தின் பாதியை மறைத்தலாகும்.

ஆகலின், பேரூராட்சியார் செய்யற்பாலன இரண்டு: தடை நாட்டும் இடத்திற்கு அணித்தே வண்டி நிறுத்துமிடம் ஒன்றை வகுத்தல், பேருந்து நிலையத்தில் இவ்விரு குறிகளின் பொருளையும் எளிய தமிழில் எழுதிவைத்தல். கற்ற இளைஞராகிய நாம் செய்யற்பாலது ஒன்று: வீட்டில் வண்டி ஓட்டுவார் ஒவ்வொருவர்க்கும் ஒற்றைக் கோட்டிற்கும் இரட்டைக் கோட்டிற்கும் உள்ள வேற்றுமையை எடுத்துரைத்தல். தண்டத்திற்கு அஞ்சிப் பணிதலினும், பின்வருவார்க்கு வழிவிடல் வேண்டும் என்னும் எண்ணத்தாற் பணிதலே ஊராண்மைக்குப் புகழ்பெற்ற இவ்வூரார்க்கு அழகாகும் என்பது எமது துணிபு.