ஏணி பிடித்தவனெல்லாம் மின்னியலாளன் ஆவானா?

நன்னூலார் தம் நூலின் பொதுப்பாயிரத்திலே ஆசிரியர் இலக்கணத்தைச் சொன்னார். சொன்னதோடு அமையாது, ஆசிரியர் ஆகாதார் இவர் என்பதையும் தனியே வகுத்துரைத்தார். தகுதியுடையாரை அறிவதற்கு ஓர் இலக்கணம் வேண்டுமாயின், தகுதியில்லாரை விலக்குவதற்கும் ஓர் இலக்கணம் வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும். கற்பிக்க வருகின்றவனுக்கே இத்துணைக் காவல். தமிழாசிரியன் ஒருவன் பிழைபடக் கற்பித்தால் என்ன நேரும்? மாணாக்கன் ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாது எழுதுவான். அதனால் எவர் உயிருக்கும் கேடில்லை. பிறர் உயிரையே கையிற் கொண்டு தொழில் செய்கின்ற ஒருவனுக்கு நம் ஊர்களிலே யாது இலக்கணம் கேட்கின்றோம்? வீடுகளுக்கு மின்னிணைப்பு வேலை செய்கின்றவனையே சொல்லுகின்றேன்.

பண்டிதருக்கும் கறண்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைத்தல் கூடும். தொடர்பு உண்டு.

என் தமக்கையார் வீட்டுக் கிணற்றிலே நீரிறைக்கும் மோட்டர் ஒன்று உண்டு. ஒரு மாரிகாலத்திலே, அதனை இயக்குந்தோறும் வீட்டின் 'ரிப் சுவிச்' விழுந்துகொண்டே இருந்தது. வேலைக்கு வந்த இளைஞன் அரைமணி நேரத்திற் குறையைத் தீர்த்து, இனி விழாது என்று கூறிச் சென்றான். விழவும் இல்லை. எங்ஙனம் விழும்? மோட்டருக்குச் செல்லுங் கம்பியை அந்தச் சுவிச்சுக்கு முன்னிருந்தே எடுத்து நேரே இணைத்துவிட்டான். மோட்டரின் புவிக்கம்பியோ எப்பொழுதோ அறுந்து கிடந்தது. அதனை அவன் பார்க்கவில்லை. மூன்றாங் கிழமை, ஈரக்கையோடு குழாயைத் தொட்ட தமக்கையார் தூக்கியெறியப்பட்டார். எறியப்பட்டது நல்லூழ். பற்றியிருந்தால் அந்தக் கை விட்டிராது. உள்ளங்கையிலே தழும்பு இன்றும் உண்டு.

அவ்விளைஞன் கொடியவனல்லன், சோம்பேறியும் அல்லன். என்னிடம் தமிழ் படித்தவன். சாதாரண தரப் பரீட்சையிலே தவறியபின், ஊரிலுள்ள ஒரு வயரிங்காரருக்கு ஆறு ஆண்டுகள் ஏணி பிடித்தான், சுவர் வெட்டினான், கம்பி இழுத்தான். பின்னர்த் தானே தொழிலுக்கு இறங்கினான். நான் அழைத்துக் கேட்டபோது தலைகுனிந்து நின்றான். "அண்ணை செய்யிறதைப் பார்த்துத்தான் செய்தனான், ஐயா. அது ஏன் விழுகுதெண்டு அவரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை" என்றான்.

அந்த 'ஏன்' என்னும் ஒரு சொல்லிலேதான் பயின்றவனுக்கும் பார்த்துப் பழகியவனுக்கும் உள்ள வேற்றுமை அடங்கியிருக்கின்றது. உருகியும் சுற்றுடைப்பானும் கம்பியைக் காப்பன. மிகையான மின்னோட்டத்தாற் கம்பி சூடேறித் தீப்பற்றாது தடுப்பன. ரிப் சுவிச்சோ மனிதனைக் காப்பது. சென்ற மின்னோட்டம் முழுவதும் மீண்டு வந்ததா என்று அது கணந்தோறும் ஒப்புநோக்குகின்றது. வீடுகளில் வழக்கமாகப் பொருத்தப்படுவது, 30 மில்லியம்பியர் அளவு வேறெங்கேனும் கசிந்தால் உடனே இணைப்பை அறுத்துவிடும். செருகியினுள்ளே நாம் இடும் உருகியோ 13 அம்பியருக்கு உரியது. அஃதாவது அதனினும் நானூறு மடங்குக்கு மேல். மனிதன் இதயத்தை நிறுத்துவதற்குச் சில பத்து மில்லியம்பியர் போதும். அவன் இறந்த பின்னும் அந்த உருகி உருகாதிருக்கும். ஆகவே, அடிக்கடி விழுகின்ற ரிப் சுவிச்சு தொல்லையன்று, எச்சரிக்கை. எச்சரித்தவனின் வாயைக் கட்டிவிட்டுக் கூலி வாங்கிச் செல்லுதல், அறியாமையாற் செய்யினும், பெரும்பிழையேயாம்.

இவ்வறியாமையைப் போக்க வழியில்லையா? உண்டு. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அமைந்தது. அதன் வழியாக வந்த தேசிய தொழிற்தகைமை ஏழு படிகளையுடையது. முதல் நான்கும் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகர். மின்னியலாளன் மூன்றாம், நான்காம் படிகளை எய்துதல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களிலே பயின்று அவற்றைப் பெறலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் கீழ்த் தொழிலிடத்திலே பயிலுநராக இருந்தும் பெறலாம்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அதுவே நம் ஊர் இளைஞர் பலருக்கு உரியது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். ஆண்டுக்கணக்காக வேலை செய்து பழகியவன் மீண்டும் வகுப்பறையிலே அமர வேண்டியதில்லை. தான் செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையிலே வினாக்களுக்கு விடை கூறிச் செய்தும் காட்டினால், அவன் திறனுக்கேற்ற சான்றிதழ் கிடைக்கும். வேலை முடிந்ததும் சுவிச்சைப் போட்டு விளக்கு எரிகின்றதா என்று பார்ப்பது சோதனையாகாது. மின் கொடுப்பதற்கு முன்னரே புவிக்கம்பி இடையறாது தொடர்கின்றதா, கம்பியுறையின் காவல் குறைவற்றிருக்கின்றதா என்று கருவி கொண்டு அளத்தல் வேண்டும். இவற்றைச் செய்யத் தெரியாதவன் எத்துணை வீடுகளுக்கு விளக்கேற்றியிருப்பினும் தேறான்.

சான்றிதழ் வெறுங் காகிதந்தானே என்பர் சிலர். காகிதம் கம்பியைப் பொருத்தாது, உண்மை. பட்டம் பெற்றவரெல்லாம் புலவராகாமையை நான் அறிவேன். ஆயினும், தேர்வு ஒன்று முன்னே நிற்கும்போது, கேளாதவனும் ஏன் என்று கேட்கத் தொடங்குகின்றான். அதுவே அதன் முதற்பயன். இன்னுஞ் சிலர், ஏழை இளைஞனின் பிழைப்பைக் கெடுக்கும் என்று இரங்குவர். சான்றில்லாதவனுக்குக் குறைந்த கூலி கொடுத்துப் பழகிய நாமா அவனுக்கு இரங்குகின்றவர்கள்? சான்றுடையவன் வெளிநாடு செல்லினும் தன் திறனைக் காட்ட ஓர் ஆதாரம் உடையவனாவான். உள்ளூரிலும் உரிய கூலியைக் கேட்பான்.

மொழி பற்றியும் ஒன்று கூறவேண்டும். 'எர்த்' என்று சொல்பவனைப் புவித்தொடுப்பு என்று சொல்லவில்லை என்பதற்காகக் குறை கூறுவது என் நோக்கமன்று. தொழில் செய்கின்றவன் வாயில் வழங்குஞ் சொல்லே அவனுக்குக் கருவி. ஆனால், புவித்தொடுப்பு என்னுஞ் சொல் தன் பொருளைத் தானே விளக்குகின்றது. இந்தக் கம்பி நிலத்தைத் தொடவேண்டும் என்று கற்பித்துவிடுகின்றது. அறுந்து கிடப்பது எது என்பதை அச்சொல்லை அறிந்தவன் எளிதில் மறவான். நம் பாடநூல்களிலே இத்தகைய நல்ல சொற்கள் உள்ளன. அவை பரீட்சை எழுதுகின்றவனோடு நின்றுவிடாமல், ஏணி பிடிக்கின்றவன் வரை செல்லுதல் வேண்டும்.

ஆசிரிய அன்பர்களே, குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. கணிதத்திலே தவறியவனை "நீ கறண்டு வேலைக்குத்தான் போக வேணும்" என்று வகுப்பிலே வைத்து நகையாடியவர் நம்மிடையே இல்லையா? நானும் ஒருகால் அப்படிச் சொன்னவனே. வசைச்சொல்லாக நாம் காட்டிய தொழிலுக்குப் பெருமையோடு பயிற்சி பெறச் செல்வான் என்று அவனிடம் எப்படி எதிர்பார்ப்பது? 2017 இல் தொடங்கிய பதின்மூன்றாண்டுக் கல்வித் திட்டத்தினால் தொழிற்பாடங்கள் உயர்தர வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டன. அவற்றைத் தோற்றவர்களின் ஒதுக்கிடமாகக் கருதும் மனப்பான்மை நம் ஆசிரியர் அறைகளைவிட்டு முதலில் நீங்குதல் வேண்டும்.

அந்த இளைஞன் சில மாதங்களின் பின் முன்கற்றல் அங்கீகாரத்துக்குரிய விண்ணப்பப் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தான். செய்த வேலைகளை வரிசையாக எழுத வேண்டும். எழுத்துப் பிழை பார்த்துத் தாருங்கள் என்றான். எழுதியவற்றுள் தமக்கையார் வீட்டு மோட்டரும் இருந்தது. செய்த பிழையும், அதனைத் திருத்திய முறையும் ஒளியாது எழுதப்பட்டிருந்தன. நான் ஓரிரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். அவன் புறப்படுமுன் என் வீட்டுப் பலகையைத் திறந்து, ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தான். அது விழவில்லை. இருபது ஆண்டுகளாக அதனை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதையே நான் அறிந்திருக்கவில்லை.